பாக்கியரத்தினத்தின் கைராசி

இனி இந்த வீட்டில் கம்பியூட்டர்க் கதிரை தனக்கே என்று பாக்கியரத்தினம் முடிவெடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார். மனைவி குணேஸ்வரி பக்கத்து அறையில் இருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. திருகோணமலையில் ஆறு மணிக்கு ஊரடங்கு விழுந்துவிடும். துறைமுகக் கந்தோரில் பகலெல்லாம் வேலை செய்து மாய்ந்த மனிசனுக்குக் கடற்கரையும் இல்லை, கூட்டாளிமாரும் இல்லை. மிஞ்சியது கம்பியூட்டரில் ஒரு சீட்டாட்டம். அதற்கும் வழியில்லாமல், ரொறொன்ரோவில் இருக்கும் அக்காவோடு எழுத்தில் கதைக்கவென்று குணேஸ்வரி அந்தக் கதிரையில் குந்திவிடுவாள். அவள் எழும்பும்போது கரண்ட் போய்விடும்.

கந்தோரில் இருக்கும்போது தந்திரம் உதித்தது. எழுத்து விசைகளை இடம் மாற்றிவிட்டால்? ஒன்றைத் தட்டினால் இன்னொன்று விழும். புது ஒழுங்கு அவருக்கு மட்டும் பாடம். சிரித்தபடியே போய், கம்பியூட்டர்க் கடை ஸெய்னுதீனிடம் ரகசியமாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவன் விசைகளை மாற்றும் மூன்று சீடிகளை எடுத்து வைத்தான்.

“இது கம்பியூட்டரை நிப்பாட்டினா மறந்திரும் அண்ணை. கரண்ட் போற ஊருக்குச் சரிவராது. இது நிண்டு பிடிக்கும், ஆனா ஆரும் பழையபடி மாத்தலாம். இதுக்குத்தான் பூட்டு இருக்கு. ரகசியச் சொல் தெரியாம ஒருத்தரும் தொடேலாது. நல்ல சாமான்.”

சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பதுபோல் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பாக்கியரத்தினம்.

“பூட்டுள்ளதைப் போடு. சொல் உன்னோடயே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சா, என்ர முகத்தைப் பார்த்தே அவ கண்டுபிடிச்சிருவா.”

தூசி தட்டும் சாட்டில் கம்பியூட்டர்ப் பெட்டி ஒரு பகல் கடையில் கிடந்து திரும்பியது. மாலையில் குணேஸ்வரி ரொறொன்ரோ அக்காவோடு கதைக்கத் தட்டினாள். திரையில் கண்டது கடியது எழுத்தெல்லாம் விழுந்தது.

“என்னப்பா இது, பழுதாப் போச்சோ?”

“எழும்பும், நான் பார்க்கிறன்.” பெருமை விடவில்லை. டக்கு டக்கென்று நேராக அடித்துக் காட்டினார். “எனக்கு ஒழுங்கா வருதே!”

குணேஸ்வரி கன்னத்தில் கை வைத்தாள். “உங்களுக்குக் கைராசியப்பா! அப்ப எழும்பாதேங்கோ. நான் சொல்லச் சொல்ல நீங்களே அடியுங்கோ.”

தேத்தண்ணியோடு சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டாள்.

“இவருக்குத் தலை வழுக்கை, நினைப்பு மட்டும் மாப்பிள்ளை நினைப்பு.”

“இதையும் அடிக்கவோ?”

“அடியுங்கோ. அக்கா சிரிப்பா. குறட்டையையும் சேருங்கோ.”

தனக்கும் பழுதென்று இனிச் சொல்ல ஏலாது. உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம். ஆசைப்பட்ட கதிரை கிடைத்துவிட்டது, அதுதான் கொடுமை. ஒரு கிழமையாகத் தன் குறைகளைத் தானே ரொறொன்ரோவுக்கு அனுப்பி, மானமும் விரலும் தேய்ந்து, ஸெய்னுதீனிடம் ஓடினார்.

“தம்பி, பூட்டைத் திற. அந்தச் சொல்லைச் சொல்லு.”

ஸெய்னுதீன் தலையைச் சொறிந்தான். “எனக்குத் தெரியாதண்ணை. பெட்டி இங்க கிடந்த அண்டு குணேஸ்வரி அக்கா வந்து போட்ட சொல் அது.”

“அவவுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்க முதல் வந்து கேட்டுப்போன அண்டே உங்கட முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அடுத்த நாள் இங்க வந்து விசாரிச்சவ. மூண்டுக்குள்ள பூட்டுள்ளதை உங்கட தலையில கட்டச் சொன்னதே அவதானே!”