ஊறுகாய் ஜாடிக்குக் குடை

இனி ஒரு இசைத்தட்டுகூட வீட்டுக்குள்ள வராதுன்னு செண்பகராஜ் பொண்டாட்டிகிட்டச் சத்தியம் பண்ணது சித்திரையில. அதுவும் கழுகுமலை முருகன் மேல. ஆனி பிறக்கவும் சத்தியம் ஆட்டம் கண்டுபோச்சு.

பாவம், அவரும் என்னதான் செய்வார்? ‘பர்ப்பிள் லாந்தர்’னு லண்டன்ல ஒரு ராக் கோஷ்டி. கேட்டா கிறுகிறுன்னு தலை சுத்தும். காலேஜ் ஹாஸ்டல்ல கேட்ட நாள்லேருந்து இவர் அதுக்கு அடிமை. அவிய ஆரம்பத்துல ஒத்தை ஒத்தையா விட்ட பாட்டையெல்லாம், அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு ஒரே தட்டாப் போட்டுட்டாங்க!

வீட்டுக்கு வந்தாத்தானே வம்பு? தன் தீப்பெட்டி ஆபீஸ் விலாசத்துக்கு வரவழைச்சார். கொண்டுவந்த ஆள் ஓடிபிகூடக் கேக்கலை. தங்கமான மனுசன்னு நினைச்சுக்கிட்டார். சாயங்காலம் அதைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, வாசல்லயே பொண்டாட்டி முத்துசெல்வி.

“நெஞ்சு என்னங்க சதுரமா இருக்கு?”

“லேபிள் சாம்பிள், செல்வி. புதுத் தீப்பெட்டிக்கு.”

வாங்கிப் பார்த்தா. ஊதாவும் ஆரஞ்சுமா உருகி ஓடுது, நடுவுல ஒத்தைக் கண்ணு.

“இதை ஒட்டுனா எவன் தீப்பெட்டி வாங்குவான்? சரி, உள்ள என்ன கருப்பா?”

“அது... அட்டை மடங்காம இருக்க வச்சிருக்கான்.”

“அப்ப நமக்கு வேணாம்ல?”

“வே... வேணாம்.”

மறுநாள் காலையில மொட்டைமாடிக்குப் போனவர் அப்படியே உறைஞ்சு நின்னுட்டார். ஐயோ! எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்கு மூடியா இருக்கு பர்ப்பிள் லாந்தர்! கோவில்பட்டி வெயில் தெரியும்லா? தட்டு அப்பளமா நெளிஞ்சிரும். எடுத்தா மாட்டுவார், விட்டா பாட்டு போச்சு. ஓடிப்போய்க் குடையை எடுத்துட்டு வந்து ஜாடிக்கு மேல பிடிச்சார். குடை ஜாடிக்கு, வெயிலெல்லாம் அவர் தலைக்கு.

முத்துசெல்வி துணி காயப்போட மெதுவா மேல வந்தா.

“என்னங்க பண்ணுதீங்க?”

“ஊறுகாய்க்கு... வெயில் ஆகாதுல்லா?”

“வெயில்ல காயத்தானே இங்கன வச்சிருக்கேன்! குடையை மடக்குங்க.”

குடையை மடக்க மனசு வரலை. மனுசன் பொலபொலன்னு எல்லாத்தையும் கொட்டிட்டார். “தப்புதாம்ட்டி! அது பாட்டுத் தட்டு! முருகன் மேல பண்ண சத்தியத்தை மீறிட்டேன். இனிமே நீ சொல்லுததுதான் சட்டம். அதை மட்டும் எடுத்துக் குடுத்துரு!”

முத்துசெல்வி தட்டை எடுத்து, முந்தானையால பதமாத் துடைச்சு அவர் கையில குடுத்தா.

“இதைத்தானே உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன்? ஆர்டர் போட்டீங்களே, என் போன் நம்பர்லயா போடுவீங்க? நேத்து அந்த ஆளுக்குப் போன்ல ஓடிபி சொன்னதே நான்தான்.”