சைலன்ஸ் ஆன்ட்டி சொல்லாத வரி

விவேக் நகரில் சைலன்ஸ் ஆன்ட்டியைவிடச் சத்தமாகப் பேசிய மனிதப் பிறவி ஒன்றுகூடக் கிடையாது. சவால்விட்டே சொல்வேன். அவர் தன் வாசலில் நின்று, "பால் வந்துச்சா?" என்று கேட்டால், இரண்டு தெரு தள்ளி யாரோ, "வந்துச்சு, வந்துச்சு" என்பார்கள். ஒருமுறை மெயின் ரோட்டில் கிளம்பிவிட்ட பஸ் அவர் குரலைக் கேட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "ஏனம்மா, ஏனு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார், என்னம்மா வேண்டும் என்று. "உன்னை யாருப்பா கூப்பிட்டா? நான் கொத்தமல்லிக்காரன கூப்பிட்டேன்" என்றார் ஆன்ட்டி.

இப்படிப்பட்டவருக்கு சைலன்ஸ் என்று யார் பெயர் வைத்தார்கள் என்று குடிவந்த புதிதில் நானும் குழம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில் வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்து, அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே ஆன்ட்டியும் அங்கிளும். ஆன்ட்டி இட்லி மாவு அரைத்து விற்பார். அங்கிள் ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவர். வலது கை தோளுக்கு மேலே எழாது, ஆக்ஸிலேட்டரை முறுக்க வராது. எனவே இடது கையால் மாவு மொண்டு ஊற்றும் இலாகா அவருடையது.

பெயருக்குக் காரணம் அக்டோபரில் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்கு வரும். தெரு கூடி ஜெபமாலை சொல்லும். முடிந்ததும் சுண்டல். நான் முருக பக்தன்தான், ஆனால் சுண்டலுக்கு மதம் கிடையாது என்ற கொள்கையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். முன்னால் நின்று சொல்பவர் ஆன்ட்டி. அதற்கென்றே பிறந்தவர் மாதிரி அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டியிருப்பார். மைக் செட் தேவையே இல்லை.

ஜெபமாலையில் நடுநடுவே பரலோக மந்திரம் வரும். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், அதேபோல எங்களையும் நீர் மன்னியும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வந்ததும் ஆன்ட்டி டக்கென்று வாயை மூடிக்கொண்டார். கரண்ட் போன மாதிரி இருந்தது. ஜனங்கள் முணுமுணுவென்று அதைத் தாண்டினார்கள். அடுத்த வரியில் கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டி, "அதான் சைலன்ஸ்" என்றார்.

காரணத்தை அங்கிள்தான் சொன்னார், மாவுப் பைக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்து, தமிழர்களைத் தேடித் தேடி அடித்த சமயம். ஒரு சாயங்காலம் ஆன்ட்டியும் அவரும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் ஒரு கும்பல் மடக்க, ஆட்டோவைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தெருவில் முதல் வீடு கமிட்டி அண்ணனுடையது. ஆலயக் கமிட்டி, திருவிழாக் கமிட்டி, தெருவிளக்குக் கமிட்டி என்று எதை எடுத்தாலும் அதில் அவர் இருப்பார், அதனால் அந்தப் பெயர். ஆன்ட்டிக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். "அண்ணே, தொறங்கண்ணே!" என்று கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். உள்ளே எரிந்த லைட் அணைந்தது. கதவு திறக்கவில்லை. அந்த வாசற்படியில் வைத்துத்தான் அங்கிளின் கையை முறித்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு கன்னடக்கார அம்மா ஓடிவந்து, கும்பலைப் பார்த்துக் கன்னடத்தில் கன்னாபின்னாவென்று கத்தி, இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் கமிட்டி அண்ணன் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நான் பின்கட்டுல இருந்தேம்மா. எனக்குக் கேக்கவே இல்ல" என்றார்.

கேட்கவில்லையாம். ஆன்ட்டியின் குரல். அன்றிலிருந்து அண்ணன் என்ற சொல் போய், 'அந்த ஆளு' ஆகிவிட்டார். அந்த ஆளு ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சில் நின்று, கண்ணை மூடி, மன்னிக்கிற அந்த வரியை எல்லாரையும்விட உருக்கமாகச் சொல்வார்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதற்குத்தான். திறக்காதவரை அந்தத் தெருவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திறக்கச் சொல்லிக் கத்தியவரைத்தான் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அதுவும் வாய் நிறைய சுண்டலை வைத்துக்கொண்டு.

புதிதாக ஒரு இளம் ஃபாதர் வந்தார். சைலன்ஸ் விவகாரம் அவர் காதுக்குப் போனது. கொண்டுபோனவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. ஃபாதர் மாவுக் கடைக்கே வந்துவிட்டார்.

"சகோதரனை எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரும்மா."

"அத்தன தடவ தப்பு பண்ணவனுக்கு அது, ஃபாதர். இவன் ஒரே தடவதான் பண்ணான். அந்த ஒண்ணே எனக்கு முடியல."

"அடிச்சவங்களையே உங்க வீட்டுக்காரர் மன்னிச்சிட்டாரே?"

"நானும்தான் மன்னிச்சுட்டேன். அவனுங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. உள்ள இருந்தவனுக்கு என் குரல் தெரியும்ல? மன்னிக்காமயே மன்னிச்சேன்னு மாதா முன்னாடி பொய் சொல்லச் சொல்றீங்களா? அது எந்தப் பாவத்துல சேரும்? நீங்களே சொல்லுங்க."

ஃபாதர் அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த அக்டோபரில் ஆன்ட்டி ஜெபமாலை சொல்லக்கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் ஆனது. இளைஞர்களுக்குத் துர்மாதிரியாம்.

ஆன்ட்டியிடமிருந்து வேறு எதைப் பிடுங்கியிருந்தாலும் தாங்கியிருப்பார். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, என்னோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். சொல்லும் வேலை ஒரு ரிட்டயர்ட் டீச்சருக்குப் போனது. அவர் குரல் அவருக்கே கேட்காது. முன்வரிசை ஜெபமாலையை முடித்து எழுந்தபோது, பின்வரிசை பாதியில் இருந்தது. வாசலில் நின்றவர்கள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு எழுந்து நின்று எல்லாரையும் திட்ட வேண்டும்போல இருந்தது.

அதற்கடுத்த வருஷம் கமிட்டி அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மனைவி காலமாகிவிட்டார், மகன் துபாயில். ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். எல்லாக் கமிட்டிகளும் திரண்டு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, நீண்ட ஜெபம் செய்துவிட்டுப் போயின. சாப்பாடு பக்கத்து வீட்டார் கொடுப்பார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. மனுஷன் பன்னும் வாழைப்பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி மாவுக் கடைக்கு வந்த மத்தியானமே ஆன்ட்டி கேரியரைக் கழுவினார். அங்கிள் வாயைப் பிளந்தார். "அப்போ மன்னிச்சிட்டியா?"

"சோறு போடறது வேற, மன்னிக்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

தினம் மத்தியானம் கேரியர் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்ச் சொம்பு தூக்கும் வேலை எனக்கு. ஆன்ட்டி வைத்திருந்த ஒரே சட்டம், படியில் வைத்துவிட்டு வரமாட்டார். ஜன்னல் வழியாகத் தரமாட்டார். கதவைத் தட்டுவார். அந்த ஆளு வாக்கரைத் தள்ளிக்கொண்டு, முனகிக்கொண்டு, நடந்து வந்து திறக்க வேண்டும்.

"பாவம் ஆன்ட்டி, ஆபரேஷன் ஆனவர்" என்றேன்.

"டாக்டர் நடக்கத்தான சொல்லியிருக்கார்? நடக்கட்டும். தட்டுனா தொறக்கணும், எனக்கு அது போதும்."

டாக்டர், இவ்வளவு சீக்கிரம் இப்படித் தேறிய இடுப்பைப் பார்த்ததே இல்லை என்றாராம்.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது கதவு ஏற்கெனவே விரியத் திறந்திருந்தது. வாக்கரோடு வாசலில் அவர் காத்திருந்தார், பள்ளிப் பையன்போல. ஆன்ட்டிக்கு வந்ததே கோபம்!

"மூடு! நான் தட்டவே இல்லயே?"

அவர் மூடினார். ஆன்ட்டி தட்டினார். அவர் திறந்தார். ஆனால் கேரியரை வாங்கவில்லை.

"அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். தாப்பாள்ல கை வெச்சிட்டேன். பயமா இருந்துச்சு. இத்தன வருஷமா பொய் சொல்லிட்டேன்."

ஆன்ட்டி வாயைத் திறந்தார். பஸ்ஸை நிறுத்திய அந்தத் தொண்டையிலிருந்து வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரசம் ஆறிடும். சாப்பிடுங்கண்ணே."

வீடு வந்ததும், வாசலில் மாவு மொண்டுகொண்டிருந்த அங்கிளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு ஒத்துக்கிட்டான்யா" என்று சொல்லி, தெருவுக்கே கேட்கும்படி அழுதார்.

அந்த அக்டோபரில் மறுபடி ஆன்ட்டிதான் ஜெபமாலை சொன்னார். கமிட்டி அண்ணனே ஃபாதரிடம் போய், "அந்த வரியில அவங்க சும்மா இருந்தா இருக்கட்டும் ஃபாதர். அதுக்குக் காரணம் நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். முதல் நாள் அந்த வரி வந்தபோது தெரு மொத்தமும் ஆன்ட்டியின் வாயைத்தான் பார்த்தது. சத்தம் வரவில்லை. கடைசி வரிசையை விட்டு அன்றைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்ததால், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அந்த வரியா, வேறு ஏதாவது வசவா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

ஃபாதர் அடுத்த ஞாயிறு, ஜெபத்தின் வல்லமையால் நம் தெருவில் ஒரு கல்நெஞ்சு கரைந்தது என்று பிரசங்கம் வைத்தார். கேரியரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கல்நெஞ்சு யாருடையது என்பதையும் எல்லாரும் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அங்கிளும் ஆன்ட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இப்போது வைட்ஃபீல்டில் அடுக்குமாடியில் இருக்கிறேன். கீழே இரண்டு செக்யூரிட்டி, கதவில் பார்க்கும் துவாரம், அதற்கு உள்ளே ஒரு சங்கிலி. எங்கள் மாடியில் யார் கதவைத் தட்டினாலும் ஒருவரும் லேசில் திறப்பதில்லை. நான் மட்டும் தட்டிய கை இறங்குவதற்குள் திறந்துவிடுகிறேன். "யாருன்னு பாத்துட்டுத் தொறக்கக்கூடாதா?" என்று என் மனைவி தினமும் திட்டுகிறாள். பெரும்பாலும் கூரியர்காரர்தான் நிற்கிறார், தெரியும். ஆனாலும் என்றைக்காவது அது கேரியரோடு வந்த ஆன்ட்டியாக இருந்துவிட்டால், அவரை இரண்டாவது தடவை தட்ட வைக்கக்கூடாது.