பிலோவுக்கு மருந்து எடுத்த கதை

காதல் வந்தால் சிலருக்குக் கவிதை வரும். எனக்கு அறை அலங்காரம் வந்தது. (கவிதையே வந்திருக்கலாம். படிக்காமல் தப்பித்திருப்பார்கள்.)

அப்போது திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். என் காதலி பிலோமினா அங்கே டீச்சர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். என்னோடு தங்க ஆசைப்பட்டாள். என்னைத் 'தோழி' என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். அறையை நேரில் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

நானோ இன்டர்நெட்டில் வெளிநாட்டுச் சூனியக்காரிகளின் அறைகளைப் பார்த்துக் கிறங்கிக் கிடந்தேன். நிலா, மெழுகுவர்த்தி, தலைகீழாகத் தொங்கும் காய்ந்த ஊதாப் பூக்கள். திண்டிவனம் ஏரிக்கரையில் ஊதாவாகக் கிடைத்தது ஊமத்தம்பூதான். வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டேன். பாட்டில்களில் விதவிதமான வேர்கள். சுவரில், பழைய பேப்பர் கடையில் கிடைத்த அந்தக்காலத்துப் படம்: நிலா வெளிச்சத்தில், குளக்கரையில், தலைவிரி கோலமாகக் கைகோத்து நிற்கும் இரண்டு பெண்கள். பிலோவின் அம்மா அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அம்மா உள்ளே வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். உட்காரவில்லை.

"இவ கையால எதுனா சாப்ட்டியாடி?"

"டெய்லி டீ குடிக்கிறேம்மா" என்றாள் பிலோ.

அவ்வளவுதான். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் மகள் ஏன் வேண்டாமென்றாள் என்பது அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டில் மருந்து வைத்து ஆளை வசியம் பண்ணலாம், வாந்தி எடுக்கவைத்து அதை வெளியே கொண்டுவரலாம் என்று எங்கள் பக்கம் நம்புகிறவர்கள் உண்டு. விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் அப்படி மருந்து எடுக்கிற பெண் ஒருவர் இருந்தார். அன்றே பஸ் ஏறினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்துகொண்டார். (மாதாவிடம் வழியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டாராம்.)

ஏதோ பச்சைச் சாற்றைக் குடித்துப் பிலோ குடலே வெளியே வருமளவு வாந்தி எடுத்தாள். மருந்து எடுக்கிறவர் குச்சியால் கிளறி, கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டி, மருந்து பூராவும் இறங்கிவிட்டது என்றார். (காலையில் தின்ற எலந்தவடை என்று பிலோ இன்றும் சத்தியம் செய்கிறாள்.)

அம்மா மகளின் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப சொல்லு. இன்னும் இவகூடதான் இருக்கணுமா?"

நான் வைக்காத மருந்து நிஜமாகவே இறங்கித் தொலைத்திருந்தால்?

"இருக்கணும்மா."

மருந்து இறங்கிய பிறகும் சொல்கிறாள் என்றால் அது அவள் சொந்த மனசு. பழிபோட வேறு ஆள் இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "அந்தப் பூவ மொதல்ல தூக்கிப் போடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது மூவரும் விழுப்புரத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். குளக்கரைப் படம் ஹாலில் தொங்குகிறது. எனக்கும் பிலோவுக்கும் சண்டை வரும்போதெல்லாம் அம்மா ஆரம்பிப்பார்: "மருந்தத்தான் அன்னிக்கே எடுத்தாச்சே. இன்னும் ஏண்டி அவ பின்னாடியே சுத்திக்கினு கெடக்குற?"

சொல்லிவிட்டு என்னிடமே டீ கேட்பார். கையில் வாங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டுதான் குடிப்பார்.