ரிங்டோன் மாமாவின் போனை அடக்கிய கதை

பதுளை மாவட்டத்தில் உள்ள கைபேசிகள் அத்தனையும் ஒரு நாள் முழுக்கப் போடும் சத்தத்தை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ரிங்டோன் மாமாவின் ஒரே போன் காலைத் தேத்தண்ணீருக்கு முன்பே போட்டு முடித்துவிடும். மிகை என்று நினைப்பவர்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

வாக்காளர் இடாப்பில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது. தேயிலைக் கன்று வளர்க்கும் நேர்சரியில் காவல் வேலை. காலையிலிருந்து மாலை வரை கன்றுகளைத் தவிர வேறு துணை இல்லை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கியதும் தனக்கென்று ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். "போனத் திறந்து யாருன்னு பாக்கிறவன் மடையன். சத்தத்துலயே ஆளு தெரியணும்."

ஆகவே ஆளுக்கொரு சத்தம். கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு மணியோசை. தொழிற்சங்கத் தலைவருக்குத் தப்பு மேளச் சத்தம். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் அவருடைய சிநேகிதர். அவருக்கு லுணுகலை பஸ்ஸின் ஹோர்ன். எல்லாம் அவரே நேரில் போய்ப் பதிவு செய்தவை. ஹோர்ன் எடுப்பதற்காக பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்று, டிரைவரிடம் "இன்னொருக்கா அடிங்க, கொஞ்சம் கோவமா" என்று கேட்டவர் அவர்.

தோட்ட ஒபிசின் குழுவுக்குத் தொழிற்சாலைச் சங்கை வைத்தார். அதுதான் வினையாகிப் போனது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஒபிசிலிருந்து ஏதோ ஒரு செய்தி வர, நேர்சரியிலிருந்து சங்கு முழங்கியது. மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த முப்பது பெண்கள் பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று கூடையோடு இறங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். "யாரு ஒங்கள வரச் சொன்னது?"

"சங்கு ஊதுச்சு, வந்தோம்."

"அது சங்கு இல்ல, போன்."

"எங்களுக்கு எதுவா இருந்தா என்னாங்க? ஊதுனா வரணும்னு சொல்லித் தந்தது நீங்கதான். திரும்ப மலை ஏறணும்னா அதுக்கும் ஒண்ணு ஊதச் சொல்லுங்க."

சொன்னது காளியம்மா அக்கா. மாமாவுக்கு அடுத்த காம்பரா, அதாவது பக்கத்து வீடு. வாயால் வெல்ல முடியாத பெண்.

காளியம்மா அக்காவையும் அந்த போன் ஒரு முறை வென்றிருக்கிறது. லுணுகலையில் இருக்கும் தன் தங்கைக்கு மாமா ஆட்டின் கத்தலை வைத்திருந்தார். "அவ பேசுனா இப்படித்தான் தம்பி இருக்கும்" என்பது அவர் தந்த விளக்கம். அக்காவின் ஆட்டுக்குட்டி காணாமல் போன அன்று பார்த்து, அந்தத் தங்கை ஏதோ கோபத்தில் பதினான்கு செய்திகளைத் தொடர்ச்சியாக அனுப்பினார். மாமா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேர்சரியைச் சுற்றி நடக்க, அக்கா சத்தத்தைத் தேடிக்கொண்டு வேலிக்கு வெளியே அதே திசையில் நடக்க, இருவரும் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் காணாமல் நேர்சரியை வலம் வந்தார்கள். குட்டி அதற்குள் தானாகவே வீட்டுக்குப் போய்விட்டது.

லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு காம்பராக்களுக்கும் ஒரே கூரை. நடுச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாசம் போகும். ஒருவர் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து "இஞ்சி போட்டுக் குடிங்க" என்று வைத்தியம் வரும். இப்போது ஐந்து காம்பராக்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் கொழும்புக்குப் போனார்கள். பிறகு சில பெற்றோரும் போனார்கள். மீதி ஏழு வீட்டுக்கும் மாமாவின் சத்தங்கள் எல்லாம் மனப்பாடம்.

"அண்ணே, லுணுகலை கத்துது, எடுங்க."

"அண்ணே, தலைவர் தட்டுறாரு. கூட்டமா?"

இதில் ஒரு சத்தம் வந்தால் மட்டும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அது ஒரு விசில். மாமா தன் வாயாலேயே அடித்துப் பதிவு செய்தது. மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும் காலத்தில் மலைமேல் நின்று அவனைக் கூப்பிட்ட அதே விசிலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அது கேட்கும். உடனே காளியம்மா அக்கா சுவருக்கு மேலாகச் சொல்வார்: "மகன் போல, அண்ணே." ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்கு வரும்போது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கொழும்பில் இருந்தாலும் இப்படி ஒரு பிள்ளையா என்று என் அம்மா என்னைப் பார்ப்பார். பதுளை டவுனில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறை பேசுகிறவன் நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை படித்த முதல் ஆள். டவுனில் கணினிப் பாடநெறி ஒன்றை முடித்து, அங்கேயே ஒரு சிறிய நிலையத்தில் வேலை. படித்ததைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நோய் எனக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இலவச வகுப்பு வைத்தேன். தாளில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன்: 'கைபேசி அறிவிப்புகளைக் கட்டுப்படுத்துவோம், அந்தரங்கத்தைக் காப்போம், மன அமைதி பெறுவோம்.'

வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் என் அம்மா.

தேவையில்லாத செயலிகளின் அறிவிப்பை அடைப்பது, பூட்டிய திரையில் செய்தியின் வரிகள் தெரியாமல் மறைப்பது, விளம்பரச் செய்திகளை ஊமையாக்குவது என்று ஒன்றும் விடாமல் விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு "அடுத்ததாக" என்றேனாம். பத்தொன்பது தடவை என்று காளியம்மா அக்கா எண்ணி வைத்திருந்தார்.

"மாஸ்டர், எங்க லயத்துல செவுரே பாதிதான் இருக்கு. இதுல போனுக்கு மட்டும் எதுக்கு அந்தரங்கம்?" என்றும் கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. நல்ல உதாரணம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. வகுப்புக்கு வந்திருந்த மாமாவின் போனைக் கேட்டேன். அவர் தயங்கினார். படித்த பிள்ளை நாலு பேர் முன்னால் கேட்கிறானே என்று கொடுத்துவிட்டார்.

அந்த போனுக்குள் ஒரு சந்தையே இருந்தது. அவர் ஒருநாளும் விளையாடாத சீட்டாட்டம், வெளிநாட்டு வானிலை, யாரோ ஒருவருடைய ஜாதகம். ஒவ்வொன்றையும் அடைத்தேன். கைபேசிக் கம்பனியின் விளம்பரச் செய்திகளையும் ஒரே தட்டில் ஊமையாக்கினேன். ஆட்களின் சத்தங்களை மட்டும் விட்டுவைத்தேன். அதுவே பெரிய பெருந்தன்மை என்று எனக்கு நினைப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலனைப் பார்க்கும் ஆசையோடு மாமாவின் காம்பராவுக்குப் போனேன்.

"எப்படி மாமா, இப்ப நிம்மதியா இருக்கா?"

"இருக்குப்பா. செத்த வீட்டு நிம்மதி."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன் மேசைமேல் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் மூடி போட்ட கறிக் கிண்ணங்கள் மூன்று இருந்தன. ஒன்றையும் தொட்டதாகத் தெரியவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காளியம்மா குடுத்தது ஒண்ணு. மத்தது ரெண்டும் அந்தக் கடைசி வீடு. திங்கக்கிழமை 'மகன் பேசலையா'ன்னு கேட்டாங்க. வேலையா இருப்பான்னேன். புதன்கிழமையும் கேட்டாங்க. அதுக்குப் பொறகு கேக்கல. கறிதான் வருது."

எழுந்து வானொலியைச் சத்தமாக வைத்தார். திரும்பி வந்து என் காதருகில் குனிந்தார்.

"தம்பி, அந்தக் கம்பனி விளம்பரம் இருக்கே, டேட்டா வாங்கு, பாட்டு வாங்குன்னு. அத திரும்ப வர வை."

"மாமா, மொதல்ல அடைக்க வேண்டியதே அதத்தான். வகுப்புல சொன்னேனே."

"நீ சொன்னது சரிதாம்பா. ஆனா அந்த விசிலு அவனுக்கு வச்சதில்ல. கம்பனிக்கு வச்சது."

எனக்கு விளங்க நேரமெடுத்தது. போனை எடுத்தேன். கம்பனியின் செய்திகள் வரும் இடத்தில், நான் கவனிக்காமல் ஊமையாக்கிய அதே இடத்தில், அந்த விசில் இருந்தது. பிறகு, கேட்காமல் செய்தது தப்புத்தான், மகனின் பெயரைத் திறந்தேன். அவரிடமிருந்து வந்த கடைசிச் செய்தி போன தீபாவளிக்கும் முந்தியது. 'வேலையா இருக்கேன்ப்பா. பிறகு பேசுறேன்.' அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் மாமா அனுப்பியவை. 'சரிப்பா.' 'இங்க மழை.' 'சாப்டியா.' 'ஒண்ணும் அவசரமில்ல.'

"அவன் கெட்டவன் இல்ல தம்பி" என்றார். "பேசாம இருக்கிறதும் எனக்குப் பழகிருச்சு. ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நாலு பேரு என் புள்ளைய வையிறத, நான் இந்தப் பக்கம் உக்காந்து கேக்கணுமே. அது ஆகாது."

வகுப்பில் நான் சொன்ன அந்தரங்கத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. இதற்கு எங்கே போவது? விளம்பரத்தைத் திறந்துவிட்டேன். விசிலும் திரும்பக் கேட்கும்படி செய்தேன்.

"நாலு மணி போல வரும்" என்றார் மாமா.

வானொலியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். நெருங்கிய சொந்தம் ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கப்போவது போல இரண்டு பேரும் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். விளம்பரம் வருவதற்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். அடுத்த வீட்டில் காளியம்மா அக்கா அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது.

நாலு மணி தாண்டி விசில் அடித்தது.

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் போன் 'டிங்' என்றது. அதற்கு அடுத்த வீட்டில் ஒரு 'டிங்'. அதற்கும் அப்பால் ஒன்று. கடைசி வீட்டில் ஒன்று. என் போனைத் திறந்தேன்; நான் ஊமையாக்கி வைத்த இடத்தில் அதே செய்தி சத்தமில்லாமல் வந்து கிடந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரே கம்பனியின் சிக்னல்தான் எடுக்கும். எல்லோரிடமும் அதே சிம். எல்லோருக்கும் அதே விளம்பரம்.

இத்தனை மாதங்களாகக் காலையும் மாலையும் இப்படித்தானே வந்திருக்கும். புடைக்கும் சத்தம் நின்றது. மாமா என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன் போல, அண்ணே" என்றார் அக்கா.

"ஆமா காளியம்மா. சாப்டாச்சான்னு கேக்குறான்."

"சாப்டேன்னு சொல்லுங்க. நான் குடுத்த கத்தரிக்கா கறின்னு சொல்லுங்க. பொய்யாயிரும், மொதல்ல எடுத்துச் சாப்புடுங்க."

மறுபடியும் அரிசி புடைக்கத் தொடங்கினார். மாமா கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

சாப்பிடும்போது, என் குணம் விடவில்லை, ஒரு யோசனை சொன்னேன். "மாமா, விளம்பரம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அந்த விசில என் நம்பருக்கு வச்சுக்கங்க. காலையும் சாயங்காலமும் நான் தவறாம அனுப்புறேன்."

நன்றாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வேணாம்பா. கம்பனிக்குக் குடுக்கலாம், அது ஆள் இல்ல. இன்னொரு ஆளுக்குக் குடுத்தேன்னா, அவன் எடத்தக் குடுத்த மாதிரி ஆயிரும்."

என் முகம் சுருங்கியதைக் கண்டிருக்க வேண்டும். போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். "ஒனக்கு வேற வைப்போம். அந்த வகுப்புல சொன்னியே, அதச் சொல்லு." தொண்டையைச் செருமி "அடுத்ததாக" என்றேன். "இன்னொருக்கா. கொஞ்சம் கவலையா" என்றார். இப்போது நான் செய்தி அனுப்பினால் ஏழு வீட்டிலும் அதுதான் கேட்கிறது. தோட்டத்தில் என் பெயரும் அதுவாகிவிட்டது.

டவுனில் என் அறை மிகவும் அமைதியானது. சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறேன். சில நாட்களில் வேலை விட்டு வந்து, யாருமே கூப்பிடாத போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாமாவுக்கு ஏதாவது அனுப்புவேன். 'இங்க மழை' என்று அனுப்புவேன். 'இங்கயுந்தான்' என்று பதில் வரும்.

இதை எழுதலாமா என்று போன வாரம் நேரில் போய்க் கேட்டேன். லயத்துக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லையென்றாலும் கேட்க வேண்டும் அல்லவா?

"எழுது" என்றார். "மகன் பேரு மட்டும் வேணாம். அவன் படிச்சாலும் படிப்பான்."

போடவில்லை, மாமா. அவர் படித்து, உங்களுக்கு ஒரு வரி அனுப்பினால், அன்றைக்கு லயத்தில் உங்கள் போன் மட்டும்தான் சத்தம் போடும். வேறு ஒரு வீட்டிலும் 'டிங்' என்று கேட்காது. அந்த நேரம் நானும் அங்கே, உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.