குதிகால் டொக்டரும் பெருநாள் மருதோண்டியும்

எண்பதுகளில் கல்முனைக்குடியில் வாழ்ந்த எவருடைய முகமும் குதிகால் டொக்டருக்குத் தெரியாது. கால்களை மட்டுமே தெரியும். அரச வைத்தியசாலையில் அப்போதிக்கரி எனும் உதவி வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றபின், எங்கள் வீதியில் டிஸ்பென்சரி நடத்தினார். பல்வலியென்று தாடையைப் பொத்திக்கொண்டு வந்தவரிடமும், “செருப்பக் கழட்டுங்க” என்பார்.

ஒரு கல்யாண வாசலில், மச்சினன் மாப்பிள்ளையின் காலைக் கழுவிக்கொண்டிருக்கையில் இவர் குறுக்கே குனிந்து பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றார்.

“சின்ன வயசில உடஞ்ச விரல், கோணலாப் பொருந்தி இரிக்கி. அப்பவே ஏன் காட்டல்ல?”

“டொக்டர், பொண்ணு காத்துக்கிட்டு இரிக்கா” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

“பொண்ணும் இத ஒருக்காப் பாக்கட்டும்.”

ஒரு வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்க மதிலேறிய என் சிறிய மகள் ரிஸானா, பிறையைக் கண்ட சந்தோஷத்தில் குதித்து, பாதம் மடங்க விழுந்தாள். வீக்கத்துக்குக் குளிர்ச்சி, பெருநாளுக்கு அழகு என்று உம்மாவின் தங்கையான என் சாச்சி பாதத்தின் மேற்புறம் முழுக்க மருதோண்டி அப்பினார். விடிந்ததும் பிள்ளை காலூன்ற மறுத்தாள்.

“செல்லம் கொஞ்சிறாள்” என்றார் சாச்சி.

பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்த டொக்டர், நீட்டிய வட்டிலப்ப இனிப்புத் தட்டை விலக்கிவிட்டு, இரண்டு பாதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“ஓடித் திரியிற புள்ள காலூண்டமாட்டன் எண்டா அது செல்லமில்லகா.” ஒரு நகத்தை அழுத்தினார், முகம் சிவந்தது, அவருடைய முகம். “நகத்தையும் விட்டு வைக்கல்லியா? ரத்தம் ஓடுறத எதில பாக்கிற?”

விரல்களின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, மருதோண்டி எட்டாத உள்ளங்கால் வளைவில் ஒரு கருநீலத்தைக் கண்டதும் குரல் தணிந்தது.

“உள்ளங்காலில நீலம் பாஞ்சா, நடுப்பாதத்தில எலும்போ நாரோ போயிருக்கும். இப்ப நடக்க விட்டா மறுகா காலம் முழுக்க நொண்டுவாள். தேய்க்கவும் வாணாம், இழுக்கவும் வாணாம்.”

புதுச்சட்டை வந்த பெட்டியைக் கிழித்து, பஞ்சு வைத்து, கால் அசையாமல் கட்டினார். பெருநாள் உடுப்போடே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு வெடித்திருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபின்னும் பல வாரங்கள் அவள் சுவரைப் பிடித்தே நடந்தாள். நான் அவளது பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு பெருநாளும் ரிஸானா நடந்து காட்டினால்தான் டொக்டர் வட்டிலப்பம் தொடுவார். கண் மங்கிய கடைசிப் பெருநாளிலும் வந்தார். வளர்ந்துவிட்ட ரிஸானா முற்றத்தைச் சுற்றி நடந்தாள். அவர் தலையைச் சாய்த்து அவளது காலடிச் சத்தத்தைக் கேட்டார்.

“ரெண்டு காலும் ஒரே சத்தம்” என்று சொல்லி வட்டிலப்பத் தட்டை வாங்கினார்.

அவர் சொல்லாமலே, அவள் இன்னொரு சுற்று நடந்தாள்.