ஏட்டய்யா வளர்த்த சாட்சி

ஆடு தின்றது போகத் தொட்டியில் ஒரு சாண் தண்டு மிச்சம் இருந்தது. அதையும் விட்டுவைக்கிற உத்தேசம் ஆட்டுக்கு இல்லை. ஏட்டு சின்னசாமி வாயில் பிரஷ்ஷோடு ஓடிப்போய் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்ப்பா ஏட்டு, ஒரு செடிய தின்னதுக்கா வாயில்லாத ஜீவன இந்த முறுக்கு முறுக்கற?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். ஆடு அவளுடையது. வேங்கிக்காலில் கடைசி காலி மனை இருக்கிற வரைக்கும் ஆடு வளர்த்தே தீருவேன் என்று இருக்கிறவள்.

"இது சாதாரணச் செடி இல்லம்மா."

"அப்ப இன்னா செடி?"

சின்னசாமி பிரஷ்ஷை வேகமாகத் தேய்த்தார். வாயில் பற்பசை நுரை இருந்தது வசதியாகப் போயிற்று. கஞ்சாச் செடி என்று ஒரு போலீஸ்காரர் தன் வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வார்?

அது கோர்ட்டில் காட்ட வேண்டிய சாட்சி. பத்து நாளைக்கு முன்னால், 2005ஆம் வருஷம் ஆடி மாதத்தில், அடி அண்ணாமலையில் பிடிபட்டது. அங்கே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று வீட்டு வேலைக்காரன் சடையனிடம் ஜாடை காட்டிவிட்டுப் போனார். சடையனும் ஊற்றினான். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. விமல்ராஜ் ஜீப்பை நிறுத்தியபோது, முன்வாசலில் தொட்டியும் பக்கத்தில் சொம்போடு சடையனும் இருந்தார்கள். கேஸுக்கு வேறென்ன வேண்டும்?

கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியவர் சின்னசாமிதான். "அய்யா, தண்ணி ஊத்தறது தப்பாங்க?" என்று சடையன் கேட்டான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. "ஏறுடா" என்று மட்டும் சொன்னார். அந்த 'டா' அன்றையிலிருந்து அவர் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

செடியைப் பார்க்க வந்த வேளாண்மை அதிகாரி கவிநிலா சின்னப் பெண்தான், ஆனால் கறார். "இலைய மட்டும் பாத்துட்டு நான் கையெழுத்து போட மாட்டேங்க. இதே சாயல்ல நாலு செடி இருக்குது. பூக்கட்டும், சொல்றேன்."

கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. முப்பது நாள் கெடு. பூக்கவில்லை என்றால் சடையனுக்கு ஜாமீன். பூத்தால் அதிகாரி சொல்வதுதான் பேச்சு. அதிலும், பூத்தது ஆண் பூ என்றால் வாதாடிப் பார்க்கலாம், பெண் பூவில்தான் போதை, பெண் என்றால் கடவுள் விட்ட வழி என்று சடையனின் வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

அதுவரை செடியை யார் வளர்ப்பது? ஸ்டேஷனுக்குள்ளே வெயில் இல்லை. வெளியே வைத்தால் குரங்கு.

"நீங்க விவசாயக் குடும்பம்தானே ஏட்டய்யா? வீட்டுல வெச்சிக் காப்பாத்துங்க" என்றார் விமல்ராஜ். "செடிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு ரெண்டு ஆவும்."

விவசாயக் குடும்பம் என்பது வாஸ்தவம். ஆனால் சின்னசாமிக்கு ஐந்து வயதாகும்போதே அப்பா நிலத்தை விற்றுவிட்டார். கட்டு கட்டி மார்க்கெட்டில் வைத்தால்தான் கொத்தமல்லி எது, புதினா எது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சடையனின் மனைவி தனம் வீடு தேடி வந்து அழுதாள். சின்னசாமி தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் மனைவி சரசுதான் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அன்று முழுக்க சரசு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில், "தண்ணி நான் ஊத்திக்கறேன், நீங்க டூட்டிக்குப் போங்க" என்று சொம்பை வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவள் தங்கை மகள் மஞ்சள் நீராட்டுக்குப் போளூர் போயிருக்கிறாள். "செடி பத்திரம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மூன்று முறை சொல்லியும் ஆடு வந்துவிட்டது.

அன்று காலை முழுக்கச் சின்னசாமி ஆட்டின் பின்னாலேயே அலைந்தார். அது தள்ளாடுமோ, சிரிக்குமோ, ஜோதியம்மாளை முட்டுமோ என்று ஒரே பயம். ஆடு சாதாரணமாக அசைபோட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவரைப் பார்த்தது.

விமல்ராஜிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால், 'சடையன் ஆளுங்கதான் சாட்சிய அழிச்சிட்டாங்க' என்று எழுதி, தனத்தையும் உள்ளே வைத்தாலும் வைப்பார். அவருக்கு அந்த வேகம் உண்டு. தன் வேலை போவது இருக்கட்டும், அந்தப் பெண்ணும் போனால் என்ன செய்வது? சின்னசாமி டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார்.

தனம் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்த வெள்ளைக்காரரு வேற செடி எதாச்சும் வெச்சிருந்தாரா?"

அவள் பயந்து தலையை ஆட்டினாள். "ஒரே நாள்ல போட்ட விதைங்க. இன்னொண்ணு கெணத்துக்குப் பின்னால இருக்குது. உங்க எஸ்.ஐ. அந்தப் பக்கம் வரல."

"அத எனக்குக் குடு."

"குடுத்தா அவரு வந்துடுவாராங்க?"

"வந்துடுவாரு" என்றார் சின்னசாமி. சொல்லும்போது அதை அவரே நம்பினார், அதுதான் கொடுமை. தனம் செடியை வேர் மண்ணோடு பெயர்த்து, ஈரத்துணி சுற்றி, பிள்ளையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அன்று பார்த்து பௌர்ணமி. கிரிவலப் பாதையில் ஊர்ப்பட்ட ஜனம். செடியை வைத்திருந்த துணிப்பைக்கு வெளியே நாலு இலை நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பாதையோரம் உட்கார்ந்திருந்த சாமியார்கள் கவனித்தார்கள். வழக்கமாகப் போலீஸைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள், அன்று ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நம் மேல் இவ்வளவு மரியாதையா என்று சின்னசாமி பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் சரசு வந்ததும் வராததுமாகத் தொட்டியைத்தான் பார்த்தாள்.

"இன்னாங்க, செடி எளச்சாப்ல இருக்குது?"

"வெயிலு ஜாஸ்தி."

"ரெண்டே நாள்லயா?"

"நீ இல்லாம ஏங்கிப் போச்சு."

அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் கொஞ்சல் வார்த்தை ஒரு பொய்யாகப் போனதில் அவருக்கே சங்கடம்தான்.

இனி ஆட்டை நம்பக்கூடாது என்று செடியை மாடி அறையில் வைத்துப் பூட்டினார். கவிநிலாவைப் போய்ப் பார்த்தார்.

"எப்பங்க மேடம் பூக்கும்?"

"பகல் குறையணும் ஏட்டய்யா. சாதாரணமா ஐப்பசி, கார்த்திகை ஆயிடும்."

சின்னசாமிக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. கெடு ஆவணியிலேயே முடிகிறது! அப்படியும் மனசு கேட்கவில்லை. பகல் குறைந்தால்தானே பூக்கும்? குறையாமல் செய்துவிட்டால்? புதிதாக ஒரு ட்யூப் லைட் வாங்கி, செடிக்கு மேலே கட்டி, நாள் முழுக்க எரியவிட்டார். செடி பூக்கவில்லை. ஆனால் தளதளவென்று கொழுத்துக்கொண்டே போனது.

"அது இன்னா தங்கமா, பூட்டி வெச்சிக் காக்கறீங்க?" என்றாள் சரசு. "தொறந்து வுடுங்க. பூத்தா பூக்கட்டும். பூத்தா நல்லதுதானே?"

"நல்லதா? பூத்தா அந்த ஆளு உள்ளயே கெடப்பான்டி!"

"அதெல்லாம் கெடக்க மாட்டாரு. பூ வரட்டும், பாருங்க."

அழுதவளுக்குக் காப்பி கொடுத்த கையா இது? இப்படியும் ஒரு கல் நெஞ்சா என்று அவர் மலைத்துப்போனார். அன்றிலிருந்து சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கிளையும் தண்டும் சேருகிற முடிச்சில் எதுவோ முளைத்திருந்தது. ஆண் என்றால் மணி மணியாகக் குட்டி மொட்டு வரும், பெண் என்றால் மெல்லிசாக இரண்டு வெள்ளை முடி எட்டிப் பார்க்கும் என்று கவிநிலா சொல்லியிருந்தாள். சின்னசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அருணாசலா, ஆணாக இருக்கணும் என்று கும்பிட்டுவிட்டுக் குனிந்தார்.

இரண்டு வெள்ளை முடி.

சரசுவின் அலமாரியிலிருந்து முள் எடுக்கிற இடுக்கியைத் திருடி வந்து இரண்டையும் பிடுங்கினார். மறுநாள் ஆறு இருந்தது. ஆறையும் பிடுங்கினார். அதற்கு மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டார். இந்தக் கிராப்பு மட்டும் தன் தலையில் முளைத்திருந்தால் ஊரே பொறாமைப்பட்டிருக்கும் என்று நினைத்தபடி அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரும் இல்லாத தைரியத்தில், கொஞ்சம் அழுதார்.

கடைசி நாள் தொட்டி ஸ்டேஷனுக்குப் போனது. கவிநிலா லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"கஞ்சாதான். பொண்ணு."

"நல்லா பாருங்க மேடம். கார்த்திகைன்னு சொன்னீங்களே!"

"நம்மூரு ரகம்னா அப்பிடித்தான். இது ஏதோ வெளிநாட்டு ரகம் போல. பருவம் பாக்காது, பகல் ராத்திரி பாக்காது. வயசு வந்தா தானா பூத்துடும்."

"லைட்டு போட்டு வெச்சா?"

"இன்னும் ஜோரா பூக்கும். ஏன், யாரு லைட்டு போட்டது?"

சின்னசாமி தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தார். விமல்ராஜ் அவர் தோளில் தட்டினார். "பிரமாதம் ஏட்டய்யா! விவசாயக் குடும்பம்னா சும்மாவா?"

மறுநாள் கோர்ட்டில் ஜாமீன் மறுத்துவிட்டார்கள். கேஸ் முடிய இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும் என்று வக்கீல் சொன்னார். சடையன் பாதியாக இளைத்திருந்தான். வெளியே கூட்டிப் போகும்போது மேஜையில் இருந்த செடியை ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்.

"நல்லா வளத்திருக்கீங்க அய்யா. நான் ஊத்துனப்ப இவ்ளோ வரல" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னான்.

தனம் கையில் ஒரு புதுச் சட்டை வைத்திருந்தாள். புருஷனை அதைப் போட்டுக் கூட்டிப் போக வந்தவள். சின்னசாமியிடம் வந்து, மெதுவாக, "குடுத்தா வந்துடுவாருன்னீங்களே?" என்றாள். அவர் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கேசரி வாசனை அடித்தது. சரசு கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வுட்டுட்டாங்களா? தனத்துகிட்ட நேத்தே சொல்லிட்டேன், சட்டை எடுத்துக்கினு போன்னு!"

"யாரு உன்ன சொல்லச் சொன்னது?" சின்னசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். "வுடல. பூத்துடுச்சு. பொண்ணு பூ. கஞ்சாதான்னு மேடம் கையெழுத்து போட்டுட்டாங்க."

சரசு சிரித்தாள். "வெளையாடாதீங்க. அதுல எப்பிடிங்க கஞ்சா பூக்கும்?"

அதற்கு மேல் அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆடு தின்றதையும், அடி அண்ணாமலைக்குப் போனதையும், தனம் இரண்டு கையால் செடியை எடுத்துக் கொடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். "அந்த ஆள நான்தான் சரசு உள்ள வெச்சேன். ரெண்டு தடவ வெச்சேன்" என்று முடித்தார்.

சரசு கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஆடு தின்னது வெறும் புளிச்சக்கீரைங்க" என்றாள். "தனம் வந்து அழுதுட்டுப் போன அன்னிக்கே அந்தக் கஞ்சாவ புடுங்கி வெந்நீர் அடுப்புல போட்டுட்டு, அதே சாயல்ல இருக்குதுன்னு நான்தான் அத நட்டு வெச்சேன்."