தலைதீபாவளியும் தண்ணீரில்லாத ரோமானியக் குளமும்

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி
1-11-1967

மதிப்பிற்குரிய மாமா சிதம்பரம் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் உமாபதி கைகூப்பி எழுதுவது. சியாமளாவும் நானும் சுகம். எண்ணெய் மட்டும் இன்னும் தலையில் இருக்கிறது.

"தலைதீபாவளிக்கு என் மகள் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்காவிட்டால் விமான டிக்கெட் அனுப்புவேன், ஏற்றிவிடவும்" என்று எழுதியிருந்தீர்கள். குளிக்க வைப்பதாக நானும் வாக்குக் கொடுத்தேன். அவளும் ஒரு மாதமாகப் பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்திருக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் சனிக்கிழமை மட்டுமே குளியலறை பாய்லரில் நிலக்கரி போடுவாள். தீபாவளியோ புதன்கிழமை வந்து தொலைத்தது. கெஞ்சிப் பார்த்தேன். "சனிக்கிழமை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர், பக்கத்து ஊரான பாடன்-பாடனில் ரோமானியர்கள் கட்டிய வெந்நீர்க் குளியல் மண்டபம் இருக்கிறது, ஆயிரத்து எண்ணூறு வருஷப் பழசு, அவசியம் பாருங்கள் என்றார். நம் பக்கத்தில் குளம் எவ்வளவு பழசோ அவ்வளவு விசேஷம் அல்லவா? சந்தோஷத்தில் நான் வேறெதுவும் கேட்கவில்லை. இன்று விடியற்காலையில் இருவரும் நல்லெண்ணெயை உச்சி குளிரத் தேய்த்துக்கொண்டு, சீயக்காய்ப் பொட்டலமும் துண்டுமாக ரயிலேறினோம். எங்கள் எதிரில் யாரும் உட்காரவில்லை.

அங்கே போனால் கல், மாமா. கல்லும், குறுக்கே கட்டிய கயிறும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நம்ம ஊர்ல எவ்வளவு பழைய குளமானாலும் குளிக்கிறோமேங்க, இவங்க ஏன் இப்படி வத்த விட்டுட்டாங்க?" என்றாள் சியாமளா. எனக்குக் கண்ணீர் வந்தது. எண்ணெய் கண்ணில் இறங்கியதும் ஒரு காரணம். ஆனால் வழிகாட்டி எங்களைக் கண்டு பரவசமானார். ரோமானியர்களும் எண்ணெய் பூசிக்கொண்டுதான் குளிப்பார்களாம், தரைக்கடியில் நெருப்பு மூட்டி மண்டபத்தையே சூடாக்குவார்களாம். "இத்தனை வருஷத்தில் முறைப்படி வந்தவர்கள் நீங்கள் இருவர்தான்" என்று என் தலையைச் சுட்டிக்காட்டினார். எட்டுப் பேர் அதைப் படமெடுத்தார்கள்.

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். மாடிப்படியெல்லாம் எண்ணெய்த் தடம். கீழே வீட்டுக்கார அம்மாள் கத்துகிறாள். சமாதானம் சொல்லச் சியாமளா போயிருக்கிறாள். மாமா, சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லை. டிக்கெட்டை அனுப்புங்கள். அவள் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் பேச ஆளில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். அங்கே எல்லோரும் சுடச்சுடக் குளித்திருப்பீர்கள். அந்தச் சுகம் என்றும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
உமாபதி

பின்குறிப்பு: அப்பா, சியாமளா எழுதுகிறேன். டிக்கெட் வேண்டாம். என் எண்ணெய்த் தலையைப் பார்த்ததும் அந்த அம்மாள், தலையணை உறையெல்லாம் பாழாகிவிடும், இந்த நிமிஷமே குளியுங்கள் என்று தானே பாய்லரை மூட்டிவிட்டாள். நான் கொதிக்கக் கொதிக்கக் குளித்தாயிற்று. இவர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார். இனிமேல் புதன்கிழமையும் குளிக்கலாமாம், நிலக்கரி மட்டும் நாங்கள் வாங்கி வைக்க வேண்டுமாம். வைக்க இடம் வேண்டுமே என்று என் பெட்டியைக் காலி செய்துவிட்டேன்.